குண்டு விழுந்த எல்லை

கடலூர்ப் பக்கம் மனையோ வீடோ வாங்கப் போகிறவர் கிரயப் பத்திரத்தில் விலையை ஒருமுறை பார்த்தால் போதும். தபசிலைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். சொத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அதைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது. இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண். அதற்குச் செக்குபந்தியாவது, இன்னார் மனைக்கு வடக்கு, இன்ன தெருவுக்குக் கிழக்கு என்று நான்கெல்லை போகும். பிறகு நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பூமிக்குள் இருக்கும் புதையல்வரை வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அரை கிரவுண்டு மனைக்குள் புதையல் எங்கே இருக்கப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வாசகம் அப்படி, அது மாறாது.

பத்திரத்தின் சொற்களே பழைய ஆட்சிகளின் வரிசைதான். கிரயம் வடமொழி. தபசில் அரபியிலிருந்து வந்தது. செக்குபந்தி பாரசீகத்திலிருந்து. ரிஜிஸ்டர், சர்வே இரண்டும் ஆங்கிலம். மனையும் எல்லையும் தமிழ். ஒரு நிலத்தை யார் யார் அளந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு தாளே போதுமான சாட்சி.

இந்த வட்டாரத்துப் பத்திரங்களில் வரும் கிராமப் பெயர்களில் ஒன்று குண்டு உப்பலவாடி. தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, தென்பெண்ணை கடலில் சேரும் பக்கமாக இருக்கிறது. உப்பலவாடி புரிகிறது: உப்பளமும் வாடியும். உப்பு விளைந்த நிலம், அதை ஒட்டிய குடியிருப்பு. குண்டு என்பதுதான் கேள்வி. கடலூருக்குள்ளேயே குண்டுசாலை என்று ஒரு சாலையும் இருக்கிறது. பெயருக்குக் காரணம் கேட்டால், வெள்ளைக்காரன் காலத்துப் பீரங்கிக் குண்டு என்று சொல்பவர்கள் உண்டு. சாலையின் நிலையைக் காட்டி வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. அந்தக் கேலிக்குள் ஒரு மொழியியல் உண்மை ஒளிந்திருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

பீரங்கிக் கதையை வெறும் வாய்க்கதை என்று தள்ள முடியாது. இது நடந்தது. கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், 1680களின் தொடக்கத்திலேயே கடலூரில் வியாபாரம் செய்ய மராத்தியர்களிடம் அனுமதி வாங்கிவிட்டார்கள். செஞ்சியை 1677இல் சிவாஜி பிடித்த பிறகு இந்தக் கரை மராத்தியர் கையில் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே ஒரு சிறு கோட்டை இருந்தது. கும்பினியாருக்கு அதன்மேல் கண். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். செஞ்சிக் கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்ட காலம் அது. அந்த முற்றுகை எட்டு வருஷம் இழுத்து 1698இல்தான் முடிந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய மன்னருக்குப் பணம் அவசரம். அவசரத்துக்கு விற்கிறவன் எல்லையை இழுத்துப் பிடித்துப் பேச முடியாது. 1690இல் பேரம் முடிந்தது.

கோட்டைக்கு விலை பேசியாயிற்று. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம்? அங்கேதான் இந்த விற்பனை மற்ற எல்லா விற்பனைகளையும் விட்டு விலகுகிறது. கயிறு பிடிக்கவில்லை, கோல் வைக்கவில்லை, காணிக்கணக்கு பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு காணி என்றால் 132 சென்ட் என்பது உழவர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதையெல்லாம் விட்டுவிட்டு, கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்குள் அடங்கிய ஊர்கள் எல்லாம் வாங்குபவருக்கு என்று எழுதினார்கள். யேல் சென்னையிலிருந்து பீரங்கியும் அனுப்பினார், குறிப்பும் அனுப்பினார். கிடைப்பவற்றிலேயே அதிக தூரம் பாயும் பீரங்கியாக இருக்க வேண்டும்; மருந்து கெட்டித்துச் சுடுவது பீரங்கிக்காரரின் கைத்திறனைப் பொறுத்தது என்பது அந்தக் குறிப்பின் சாரம். வாங்குபவரே அளவுகோலையும் கொண்டுவரும் விற்பனை இது.

பீரங்கி நாலா திசையிலும் சுடப்பட்டது. கோட்டைக்குத் தெற்கே ஒரு மைலுக்குச் சற்று மேல் தள்ளியிருந்த கடலூர்ப் பட்டணமே வீச்சுக்குள் வந்துவிட்டது. அப்படி வந்த ஊர்களுக்குத்தான் குண்டு கிராமங்கள் என்று பெயர். இருநூறு வருஷம் கழித்துத் தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றி எழுதிய ஆங்கில அதிகாரிகளும், இந்தப் பெயர் மக்கள் வழக்கில் இன்னும் இருக்கிறது என்று பதிந்திருக்கிறார்கள்.

விற்பனைப் பத்திரத்தில் அந்தக் குண்டுவீச்சைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுதிய சொல் ‘ராண்டம்’. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அந்தச் சொல்லை, எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி நடப்பது என்ற பொருளில் சொல்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, கும்பினிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு சுட்டு நாட்டைப் பிடித்தான் என்று எழுதியவர்கள் உண்டு. பொருள் அப்படி இல்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பீரங்கிக் கலையில் ராண்டம் ஒரு தொழிற்சொல். குழாயை நேராக வைத்துப் பக்கத்து இலக்கைச் சுடுவது ஒரு வகை. குழாயின் வாயை மேலே உயர்த்தி, ஏறக்குறைய 45 பாகையில், குண்டு போகக்கூடிய கடைசித் தூரத்துக்குச் சுடுவது மற்றொரு வகை. அந்தத் தொலைவீச்சுக்குத்தான் ராண்டம் என்று பெயர்.  ஆக, பத்திரத்தில் இருந்தது அலட்சியமான சொல் அல்ல. அதிகபட்சத்தைக் கேட்கும், நன்றாகத் தெரிந்து போட்ட சொல். ராஜாராமின் ஆட்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ, யேலுக்கும் அவருடைய பீரங்கிக்காரருக்கும் நன்றாகவே புரிந்திருந்தது.

பீரங்கி என்ற சொல்லுக்கும் இந்தக் கரையோடு உறவு உண்டு. சிலுவைப் போர்க் காலத்தில் அரபியர் ஐரோப்பியர் எல்லோரையும் ‘பிராங்க்’ என்ற இனப்பெயரால் அழைத்தார்கள். அது பாரசீகத்தில் ஃபிரங்கி ஆகி, இங்கே வந்து பரங்கி ஆயிற்று. பரங்கியர் கொண்டுவந்த ஆயுதம் பீரங்கி, பரங்கியர் கொண்டுவந்த காய் பரங்கிக்காய், பரங்கியர் குடியேறிய பேட்டை பரங்கிப்பேட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் கடலை ஒட்டி இருக்கும் அந்த ஊருக்குப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்கள் வழங்கிய பெயர் மஹ்மூத் பந்தர். மூன்று பெயரில் மக்கள் வாயில் நின்றது பரங்கிப்பேட்டை. வந்தவன் வைத்த பெயர் நிற்கவில்லை. வந்தவனைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் நின்றுவிட்டது. இந்த வட்டாரப் பெயர்களை ஆராயும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

கோட்டையை வாங்கியதும் யேல் அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார். டேவிட் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேல் குடும்பம் வேல்ஸ் வம்சம். டேவிட் என்ற பெயரில் அவருக்கு ஒரு மகன் இருந்து குழந்தையிலேயே இறந்ததும், சென்னையில் அடக்கம் செய்யப்பட்டதும் தெரிந்த செய்தி. அந்த நினைவும் பெயரில் கலந்திருக்கலாம் என்பார்கள். யேல் என்பதே ஓர் இடப்பெயர்தான். வடக்கு வேல்ஸில் ‘யால்’ என்ற மேட்டுநிலப் பகுதி இருக்கிறது. விளைச்சல் உள்ள மேடு என்பது அந்தச் சொல்லின் பொருள். அங்கிருந்து எழுந்த குடும்பப் பெயர், கடலூர்க் கரையில் கோட்டை வாங்கியவர் வழியாக, அவர் 1718இல் அனுப்பிய நன்கொடைக்குக் கைம்மாறாக அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நெற்றியில் ஏறியது. அவர் 1721இல் இறந்து, ரெக்ஸம் ஊர்த் தேவாலய வளாகத்தில் அடக்கமானார். ஒரு சிறு கிராமப் பகுதியின் பெயர் இவ்வளவு தூரம் பாய்ந்ததற்கு எந்தப் பீரங்கியும் ஈடாகாது.

டேவிட் என்ற பெயரிலிருந்துதான் தேவனாம்பட்டினம் வந்தது என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலம் அதற்கு இடம் கொடுக்காது. டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய தெக்னபட்டம் தேவனாம்பட்டினத்தின் சிதைவுதான். யேல் பிறப்பதற்கு முன்பே பட்டினம் தன் பெயரோடு இருந்திருக்கிறது. அருகே திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாள் இருக்கிறார். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்குவதும் இந்தக் கடற்கரையில்தான். தேவனை வெளியூரில் தேட வேண்டிய அவசியம் இல்லை.

இதேபோல இன்னொரு மயக்கம் பாதிரிக்குப்பம். வெள்ளைக்காரர் ஊர், பாதிரி என்று பெயர், அப்படியானால் பாதிரியார் இருந்த குப்பம் என்று முடித்துவிடுகிறார்கள். ஒட்டினாற்போல் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. அங்கே தலமரம் பாதிரி. சமணர் கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து கரையேறியது இங்கே என்பது தலவரலாறு. கரையேறவிட்டகுப்பம் என்று ஒரு பகுதிக்குப் பெயரே இருக்கிறது. புலிக்கால் முனிவர் வழிபட்டதால் புலியூர். அதே முனிவர் கதைதான் சிதம்பரத்தையும் பெரும்பற்றப்புலியூர் ஆக்கியது. பாதிரி மரம் பல்லவர் காலத்துக்கும் முந்தியது. ‘பாத்ரே’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல் கப்பலில் வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. குப்பத்துக்கு மரம் போதும்.

நேர்மாறான ஒன்றும் உண்டு. கம்மியம்பேட்டை. கேட்டவுடன் நல்ல பழந்தமிழாகக் காதில் விழுகிறது. கம்மியர் என்றால் கைவினைத் தொழிலாளர். சங்க நூல்களிலேயே வரும் சொல். கம்மியர் வாழ்ந்த பேட்டை என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கடலூரில் ஆங்கிலேயர் பெயர் தாங்கிய இடங்கள் என்று சொல்லப்படுபவற்றில் கிளைவ் தெரு, வெலிங்டன் தெரு, லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு இவற்றோடு கம்மிங் பேட்டை, புரூக்ஸ் பேட்டை என்று இரண்டு வருகின்றன. புரூக்ஸ் பேட்டை ஊரார் வாயில் புருகீஸ்பேட்டை ஆகிவிட்டது. அது வெளிநாட்டுப் பெயர் என்பதை இன்னும் மறைக்கத் தெரியாமல் நிற்கிறது. கம்மிங் மட்டும் தமிழுக்குள் கலந்து, கம்மியர் வேஷம் போட்டு உட்கார்ந்துவிட்டது என்றே எண்ணுகிறேன். கும்பினியாருக்கு இங்கே முதல் சரக்கு துணி. நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிப் பேட்டை போடுவதும், போட்ட துரையின் பெயரால் அதை அழைப்பதும் அன்றைய வழக்கம். நெசவு செய்கிறவரும் கம்மியர்தான் என்பதால் பொய்க்காரணம் இன்னும் நன்றாகப் பொருந்திவிட்டது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் மிகவும் பயப்பட வேண்டியது இப்படிச் சரியாகப் பொருந்தும் காரணங்களைத்தான்.

கேப்பர் மலையில் அந்தச் சிக்கல் இல்லை. கேப்பர் என்ற படையதிகாரியின் பெயர் அப்படியே நிற்கிறது. கேப்பை என்கிற கேழ்வரகோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அந்தச் செம்மண் மேட்டில் இருக்கும் மத்திய சிறையால்தான் இன்று வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியும்.

வாங்கிய ஊர்களில் ஆங்கிலேயர் எப்படி இருந்தார்கள்? கோட்டை, அதைச் சுற்றிச் சிறு வெள்ளையர் குடியிருப்பு, வெளியே தோட்டங்கள். குண்டு விழுந்த எல்லையில் நெருக்கமான முள்வேலி வைத்து வளர்த்தார்கள். இடையிடையே காவல் மேடுகள். புழுக்கம் தாங்காத கவர்னர்கள் மஞ்சக்குப்பத்தில் தோட்டம் நடுவே பெரிய வீடு கட்டிக்கொண்டார்கள். 1733இல் எழுந்த அந்தக் கார்டன் ஹவுஸ் பிற்பாடு கலெக்டர் வீடாயிற்று. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, ஆறு வருஷம் கும்பினியின் தென்னாட்டுத் தலைநகரமே இந்தக் குண்டு கிராமங்கள்தான். சென்னையிலிருந்து மாறுவேஷத்தில் தப்பி வந்த எழுத்தர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். பேனாவை வைத்துவிட்டு அவர் வாளை எடுத்தது இங்கே. 1756இல் இதே கோட்டைக்குக் கவர்னராகத் திரும்பி வந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து, இடித்துத் தரைமட்டமாக்கினார். தேவனாம்பட்டினத்தில் இன்று மிஞ்சியிருப்பது சில செங்கல் சுவர்கள். கோட்டையை வாங்கியதிலிருந்து இடித்ததுவரை 68 வருஷம். அதற்காகச் சுட்ட குண்டின் பெயர் அதைவிட எத்தனையோ மடங்கு நீண்டுவிட்டது.

இனி குண்டுக்கு வருவோம்.

தமிழில் குண்டு என்ற வடிவத்துக்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று உருண்டை: குண்டூசியின் தலை, துப்பாக்கிக் குண்டு, குண்டு ஆள். இன்னொன்று ஆழம், பள்ளம், நீர் தேங்கும் இடம். சங்க இலக்கியத்தில் அகழியையும் சுனையையும் பற்றிப் பேசும் இடங்களில் வருவது இந்த இரண்டாவது குண்டு. தெலுங்கில் குளத்தையும் பள்ளத்தையும் குறிக்கும் குண்ட்ட, கன்னடத்தில் குண்டி எல்லாம் இதன் உறவு. இந்தச் சொல் தமிழில் செத்துவிட்டது என்று நினைத்தால், மழை பெய்த மறுநாள் செய்தித்தாளைப் பாருங்கள். ‘குண்டும் குழியுமான சாலை’ என்று இருக்கும். அங்கே குண்டு உருண்டை இல்லை, குழியின் உடன்பிறப்பு. குண்டுசாலையைப் பற்றிய கேலி தெரியாமல் தொட்டது இந்தப் பழைய சொல்லைத்தான்.

குண்டு உப்பலவாடி இருக்கும் நிலத்தைப் பாருங்கள். ஒருபுறம் தென்பெண்ணை, மறுபுறம் கடல், இடையில் உப்பு நிலம். 2021 நவம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது குண்டு உப்பலவாடி, உச்சிமேடு, நாணமேடு, தாழங்குடா என்று வரிசையாகத் தண்ணீர் புகுந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, மறுபடியும். மேடு மேடு என்று பக்கத்து ஊர்களுக்குப் பெயர் இருக்கும் இடத்தில், ஓர் ஊருக்கு மட்டும் பள்ளம் என்று பெயர் அமைவது இயல்புதானே? மேடு என்று பெயர் வைத்தவர்களின் கண், அடுத்த பள்ளத்தையும் பார்த்திருக்கும்.

பீரங்கிக் கட்சிக்கு ஆதாரம் வலுவானது. குண்டு கிராமம் என்ற தொடர் ஏட்டில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கேள்வி உண்டு. வீச்சுக்குள் அடங்கியவை எல்லாம் குண்டு கிராமங்கள் என்றால், மஞ்சக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் அந்த முன்னொட்டு ஏன் இல்லை? ஒரு விளக்கம் சொல்லலாம். உப்பலவாடி நிலத்தில் ஒரு பகுதி எல்லைக்கு உள்ளேயும் மறுபகுதி வெளியேயும் விழுந்திருந்தால், உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்ட மட்டும் அந்த அடை வேண்டியிருந்திருக்கும். வரி வசூலிப்பவருக்கு அது அவசியமான வேறுபாடு. இது நல்ல விளக்கம். இருந்தாலும் என் தராசு பள்ளத்தின் பக்கம் சாய்கிறது. குண்டு கிராமம் என்ற பொதுப்பெயர் பீரங்கியால் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற தனிப்பெயர் அதற்கு முன்பே நிலத்தால் வந்திருக்க வேண்டும். பிறகு வந்த கதை முன்பே இருந்த பெயரைத் தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. ஆவணம் மாற்றிச் சொன்னால் என் கருத்தை மாற்றிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கடலூர் என்ற பெரிய பெயரிலேயே இதேபோன்ற ஒரு வழக்கு இருக்கிறது. கூடலூர்தான் சரியான பெயர், வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் கடலூர் ஆயிற்று என்பது பாடப்புத்தகம்வரை ஏறிவிட்ட தீர்ப்பு. கூடல் பழையது என்பதில் ஐயம் இல்லை. ஆறுகள் கூடும் இடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழனையே சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கனின் காடவர் குலம் தன்னைக் கூடலோடு சேர்த்துக் கல்வெட்டுகளில் சொல்லிக்கொள்கிறது.  ஆங்கிலேயர்களுக்குள்ளேயே இதில் சண்டை இருந்தது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, கடல்-ஊர் என்பதே சரியான பெயராக இருக்கலாம் என்றது. 1903இல் மறுபதிப்பைத் திருத்தியவர், சென்னை மாகாணச் சொற்களஞ்சியம் கூடல் என்று சொல்கிறதே என்று அடைப்புக்குள் சேர்த்துவிட்டுப் போனார்.

பாடப்புத்தகத் தீர்ப்பில் ஓர் ஓட்டை உண்டு. அன்றைய ஆங்கிலேயர் நம் ஊர்ப்பெயர்களை எழுதிய முறையில், ‘யு’ என்ற எழுத்து பெரும்பாலும் நம் அகரத்தைக் குறிக்கும். கடப்பாவுக்கும் அந்த எழுத்துதான், கறிக்கும் அதுதான், கச்சேரிக்கும் அதுதான். நீலகிரிக் கூடலூரை எழுதும்போது அவர்கள் ‘கூ’வைக் ‘கு’ அளவிலாவது காப்பாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் காதில் விழுந்தது கடலூர் என்ற ஒலியாகவே இருக்கலாம். கப்பலேறிப் பிழைத்த ஊராரே கூடலைக் கடலாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். வெள்ளைக்காரன்மேல் சுமத்த வேண்டிய குற்றங்கள் எத்தனையோ உண்டு. இந்த ஒன்றில் அவனுக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம்.

சிதம்பரத்தை அவர்கள் சில்லம்ப்ரம் என்று எழுதினார்கள். அதைச் சிதைவு என்று சிரிக்கிறோம். சிற்றம்பலம் சிதம்பரமானதும் சிதைவுதான், வடமொழிப் பூச்சோடு நடந்த சிதைவு. சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி என்று தத்துவம் பின்னால் வந்து பொருந்திக்கொண்டது. அதற்கும் முன்னால் தில்லை. பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கும் மரத்தின் பெயர். கடலூரிலிருந்து பேருந்து ஏறுகிறவர்கள் ‘செதம்பரம் ஒண்ணு’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எழுத்தை மாற்றுவது எளிது. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையை அது ஒரு அடிகூட முன்னால் நகர்த்தாது.

அந்த வேலைக்கு வேண்டிய சான்று பெரிய நூலகங்களில் மட்டும் இல்லை. தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், உப்பலவாடிப் பக்கத்தில் பூர்வீக வீடு உள்ளவர்களின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வில்லங்கச் சான்று பார்ப்பதோடு சரி என்று மூலப் பத்திரத்தை யாரும் பிரிப்பதில்லை. பழைய தாள் மடிப்பில் உடைந்துகொண்டிருக்கிறது. வீட்டை விற்கும்போது அதுவும் கைமாறிப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஒரு பத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால் தபசிலைப் பிரித்துப் பாருங்கள். குண்டு என்ற சொல் பல ஊர்களுக்குப் பொதுவான வகையாக வருகிறதா, உப்பலவாடிக்கு மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். பலவற்றுக்கு வந்தால் பீரங்கி வென்றது. ஒன்றுக்கு மட்டும் வந்தால் பள்ளம் வென்றது. பார்த்த பிறகு ஒரு நகல் எடுத்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ, பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ கொடுத்துவையுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.